ஐந்நூறு ஸ்விட்சுகளிடம் ஒரே கேள்வி

நெட்வொர்க் பராமரிப்பில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்த வழியாகத்தான் வந்திருப்பார்கள். முதலில் ஒரே ஒரு ஸ்விட்சிடம் கேள்வி கேட்கப் பத்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட். அரை விநாடியில் பதில் வந்துவிடுகிறது. பிறகு அந்தப் பத்து வரியைச் சுற்றி ஒரு லூப் போட்டு, ஐபி முகவரிப் பட்டியலைக் கொடுத்துவிடுகிறார்கள். பட்டியலில் இருபது முகவரி இருக்கும்வரை யாருக்கும் குறை தெரிவதில்லை. ஐந்நூறாகும்போது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டிய ஸ்கிரிப்ட் பத்தரை நிமிடம் ஓடுகிறது. முந்தைய ஓட்டம் முடிவதற்குள் கிரான் அடுத்ததைக் கிளப்பிவிடுகிறது. இரண்டும் ஒரே ஃபைலில் முட்டிக்கொள்கின்றன. அப்போது எழும் கேள்வி ஏறத்தாழ எல்லா அலுவலகத்திலும் ஒன்றுதான்: இந்த லைப்ரரி இவ்வளவு மெதுவா, வேறு எது வேகம்?

அரை விநாடியை ஐந்நூறால் பெருக்கினால் 250 விநாடி, நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். மீதி ஆறு நிமிடம் எங்கே போயிற்று என்று கேட்பவர்கள் குறைவு. அதைக் கேட்டுவிட்டால் லைப்ரரி பற்றிய கேள்வி தானாகவே பின்னுக்குப் போய்விடும். பெர்ல் காலத்திலிருந்து இன்றுவரை இந்த வேலைக்காக எழுதப்பட்ட நிரல்களைப் பார்த்தால் எனக்குப் படுவது இது: ஒரு தகவலுக்காக எத்தனை நடை போய்வருகிறோம் என்பதுதான் வேகத்தை முதலில் தீர்மானிக்கிறது. பதிலே தராத கருவிக்காக எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பது அடுத்தது. எத்தனை கருவிகளிடம் ஒரே சமயத்தில் கேட்கிறோம் என்பது அதற்கும் அடுத்தது. லைப்ரரியின் பெயர் கடைசியில் வருகிறது. ஆனால் எல்லோரும் மூன்றாவதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இரண்டு வரி மாற்றினால் உடனே பலன் தெரிவது அதில்தான்.

கருவிகளிடம் கேட்பதற்கான பொது நெறிமுறையாக எஸ்என்எம்பி வந்தது 1988-இல். அதன் முதல் பதிப்புக்கு நிலையான வரையறையாக அமைந்த ஆர்எஃப்சி 1157, 1990 மே மாதத்தது. அன்றைய ரவுட்டருக்குள் இருந்த சிபியு நோஞ்சான். அதனால் கணக்கு வழக்கெல்லாம் கேட்பவர் தலையில் விழுந்தது. கருவிக்குள் இருக்கும் ஏஜென்ட் கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும். டிசிபி இணைப்பு ஏற்படுத்தும் சடங்கும் வேண்டாம் என்று யூடிபி, போர்ட் 161. ஒரு பாக்கெட் போகும், ஒரு பாக்கெட் வரும். வராமலும் போகலாம். வராவிட்டால் எவ்வளவு நேரம் பொறுப்பது, எத்தனை முறை மறுபடி கேட்பது என்பதைக் கேட்பவரே முடிவு செய்துகொள்ள வேண்டும். இன்றைய வேகப் பிரச்சினையில் பாதி இந்தக் கடைசி வரியிலிருந்து பிறந்தது.

1990-களின் நடுவில் இங்கிலாந்தின் லெஸ்டரில் உள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த டோபியாஸ் ஓட்டிக்கர், அங்கிருந்த 64 கிலோபிட் இணைய இணைப்பின் நெரிசலை வரைபடமாகக் காட்டப் பெர்ல் மொழியில் எம்ஆர்டிஜியை எழுதினார். ஐந்து நிமிட இடைவெளி என்ற பழக்கம் உலகம் முழுக்கப் பரவியதில் அந்தச் சிறு ஸ்கிரிப்டுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒரு ரவுட்டருக்காக எழுதப்பட்டதை நூற்றுக்கணக்கான ரவுட்டர்களுக்கு நீட்டியபோது அதுவும் இதே சுவரில்தான் மோதியது. பின்னாளில் ‘ஃபோர்க்ஸ்’ என்று ஓர் அமைப்பு சேர்ந்தது: ஸ்கிரிப்ட் தன்னைத்தானே பல பிரதிகளாகப் பிரித்துக்கொண்டு கருவிகளைப் பங்கிட்டுக் கேட்கும். தூரத்து இணைப்புகளில் அதன் பலன் அதிகம் என்பதை அதன் கையேடே சொல்கிறது.

ஐந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது வெறும் பிடிவாதமல்ல. பழைய இடைமுகக் கவுன்ட்டர்கள் 32 பிட் அளவுள்ளவை. 429 கோடி பைட்டைத் தொட்டதும் பூஜ்ஜியத்துக்குத் திரும்பிவிடும். 100 மெகாபிட் லிங்க் முழு வேகத்தில் ஓடினால் அது நடக்க 343 விநாடி போதும். 1 கிகாபிட் என்றால் 34 விநாடி. அதற்குள் மறுபடி படிக்காவிட்டால் எத்தனை சுற்று சுற்றியது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. 64 பிட் கவுன்ட்டர்கள் வந்த பிறகு இந்தப் பயம் குறைந்தது. ஆனால் அவற்றைப் படிக்க எஸ்என்எம்பி இரண்டாம் பதிப்பாவது வேண்டும். முதல் பதிப்பில் அவை கிடையாது. மெதுவான ஸ்கிரிப்ட் தாமதமாகப் பதில் தருவதோடு நிற்காமல் தவறான பதிலையும் தரும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நடையை எண்ணுவது

48 போர்ட் ஸ்விட்ச் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அப்லிங்க், விலான் இடைமுகங்கள் எல்லாம் சேர்த்து 60 வரிசை என்று வைத்துக்கொள்ளலாம். இடைமுக அட்டவணையான இஃப்டேபிளில் 22 பத்திகள். மொத்தம் 1,320 மதிப்புகள். எல்லாவற்றையும் எடுக்க ‘வாக்’ என்று ஒரே கட்டளை கொடுக்கிறோம். உள்ளே நடப்பது என்ன? முதல் பதிப்பில் இதற்கு இருப்பது கெட்நெக்ஸ்ட் மட்டுமே. ‘இதற்கு அடுத்தது என்ன’ என்று கேட்டு ஒரு மதிப்பை வாங்கி, அதைக் காட்டி மறுபடி ‘இதற்கு அடுத்தது என்ன’ என்று கேட்க வேண்டும். வழக்கமான வாக் இப்படி 1,320 நடை நடக்கிறது.

ஒரே கட்டடத்துக்குள், ஒரு நடைக்கு 2 மில்லிவிநாடி என்றால் மொத்தம் இரண்டரை விநாடிக்குச் சற்று மேல், பொறுத்துக்கொள்ளலாம். அதே ஸ்விட்ச் சிங்கப்பூரில் இருந்து, சென்னையிலிருந்து கேட்கிறோம், ஒரு நடைக்கு 35 மில்லிவிநாடி என்றால் 46 விநாடி. புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாக ஒரு கப்பலிடம் கேட்டால், சிக்னல் கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்கிப் பதிலும் அப்படியே வர வேண்டியிருப்பதால் ஒரு நடைக்கே அரை விநாடிக்குக் குறையாது; மொத்தம் பதினொரு நிமிடம். ஸ்கிரிப்ட் அதேதான், லைப்ரரி அதேதான், கருவியும் அதே ரகம்.

இரண்டாம் பதிப்போடு வந்த கெட்பல்க் இதற்கான மருந்து. ‘அடுத்த பத்தையும் கொடு’ என்று ஒரே பாக்கெட்டில் கேட்கலாம். நெட்-எஸ்என்எம்பி தொகுப்பின் பல்க்வாக் கட்டளை இயல்பாகப் பத்துப் பத்தாகக் கேட்கும். சிங்கப்பூர் ஸ்விட்சுக்கு 132 நடை, 4.6 விநாடி. முப்பது முப்பதாகக் கேட்டால் 44 நடை, ஒன்றரை விநாடி. ஆனால் இதைவிடப் பெரிய ஆதாயம் வேறிடத்தில் இருக்கிறது. அந்த 22 பத்திகளில் நமக்கு உண்மையில் வேண்டியவை எத்தனை? போன பைட், வந்த பைட், பிழைகள், நிலவரம் என்று ஆறு பத்திகள் போதும் என்றால், அந்த ஆறையும் ஒரே கெட்பல்கில் அடுக்கிப் பத்து வரிசையாகக் கேட்கலாம். அறுபது வரிசைக்கு ஆறு நடை. 46 விநாடி 0.2 விநாடியாகிவிடுகிறது. த்ரெட் ஒன்றுகூடப் போடவில்லை. இருநூறு மடங்குக்கு மேல் வேகம் கிடைத்தது வேண்டாததைக் கேட்காமல் விட்டதாலும், வேண்டியதைக் கட்டாகக் கேட்டதாலும்தான்.

அதே கெட்பல்கில் கருவியின் சிஸ்அப்டைம் மதிப்பையும் முதல் ஆளாகச் சேர்த்துவிடுவது கெட்டிக்காரத்தனம். கவுன்ட்டரை எந்தக் கணத்தில் படித்தோம் என்பது கருவியின் கடிகாரத்திலேயே, விநாடியில் நூறில் ஒரு பங்கு நுட்பத்தில் கிடைத்துவிடும். ஸ்கிரிப்ட் சற்று முன்பின்னாக ஓடினாலும் வேகக் கணக்கு பிசகாது. நடுவில் கருவி ரீபூட் ஆகியிருந்தாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

பதில் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. ஈதர்நெட்டில் உடையாமல் போகும் யூடிபி சரக்கு 1,472 பைட். மேலே சொன்ன அறுபது மதிப்புகள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். நூறு நூறாகக் கேட்டால் பதில் துண்டுகளாக உடையும். துண்டான பாக்கெட்டுகளை விழுங்கிவிடும் ஃபயர்வால்கள் ஏராளம். ‘சின்னக் கேள்விக்குப் பதில் வருகிறது, பெரிய கேள்விக்கு வரவில்லை’ என்று யாராவது குழம்பினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

மௌனத்தின் விலை

காணாமல் போன ஆறு நிமிடத்துக்கு வருவோம். ஐந்நூறு கருவிகளில் நாற்பது டவுன் என்று வைத்துக்கொள்ளலாம். கிளை மூடியிருக்கும், மின்சாரம் போயிருக்கும், முகவரி மாறியிருக்கும், பட்டியலை யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள். பெர்லின் நெட்::எஸ்என்எம்பி லைப்ரரியில் இயல்பான டைம்-அவுட் 5 விநாடி, மறுமுயற்சி ஒன்று. ஆக, பேசாத கருவி ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி. நாற்பதுக்கு 400 விநாடி. பேசும் 460 கருவிகளுக்கு அரை விநாடி வீதம் 230. கூட்டினால் 630 விநாடி, சரியாகப் பத்தரை நிமிடம். பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லாத கருவிகள் மொத்த நேரத்தில் அறுபது சதவீதத்துக்கு மேல் தின்றுவிட்டன.

சி மொழியில் எழுதப்பட்ட நெட்-எஸ்என்எம்பி தொகுப்பு வேறு, பெர்ல் லைப்ரரி வேறு. பெயர் ஒற்றுமையால் ஒன்றின் கையேட்டைப் படித்துவிட்டு மற்றதைத் திருத்துகிறவர்கள் இன்றும் உண்டு. சி தொகுப்பில் டைம்-அவுட் 1 விநாடி, மறுமுயற்சி ஐந்து. மொத்தம் 6 விநாடி. பைத்தானின் பைஎஸ்என்எம்பியும் இதே எண்களை வைத்திருக்கிறது. அதே பட்டியலை இவற்றில் ஓட்டினால் 470 விநாடி. ‘பெர்லிலிருந்து பைத்தானுக்கு மாறினோம், வேகம் கூடியது’ என்று ஒருவர் சொல்லக்கூடும். மாறியது மொழி அல்ல, காத்திருக்கும் விநாடிதான்.

டைம்-அவுட்டை ஒரேயடியாகக் குறைத்துவிடுவதும் சரியல்ல. செயற்கைக்கோள் இணைப்புக்கு அரை விநாடி டைம்-அவுட் வைத்தால் உயிரோடு இருக்கும் கருவியும் டவுன் என்று வரும். மறுமுயற்சிகள் சேர்ந்து கருவிக்குப் பல மடங்கு வேலை கொடுக்கும். நியாயமான வழி, கருவிக்குக் கருவி வேறுபட்ட டைம்-அவுட். போன முறை எவ்வளவு நேரத்தில் பதில் வந்ததோ அதைக் குறித்துவைத்து, அதன் மூன்று நான்கு மடங்கை இந்த முறைக்கு வைக்கலாம். முதல் கேள்வியாக ஒரேயொரு சிறு மதிப்பைக் கேட்டுப்பார்த்து, பேசாத கருவியை அந்தச் சுற்றிலிருந்தே விலக்கிவிடுவது இன்னும் எளிது. பல ஸ்கிரிப்டுகள் பேசாத கருவியிடமே இடைமுக அட்டவணை, சிபியு, நினைவகம் என்று நான்கு தனித்தனிக் கேள்விகளைக் கேட்டு, நான்கு முறையும் முழு டைம்-அவுட்டைச் செலவழிக்கின்றன.

மூன்றாம் பதிப்பான எஸ்என்எம்பிவி3 பாதுகாப்பானது. ஆனால் முதல் சந்திப்பில் கருவியின் அடையாளத்தையும் கடிகாரத்தையும் தெரிந்துகொள்ள ஓரிரு நடை கூடுதல். கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்றும் உண்டு: கடவுச்சொல்லைச் சாவியாக மாற்ற, அதைத் திரும்பத் திரும்ப எழுதி 10,48,576 பைட்டாக நீட்டி ஹாஷ் செய்யச் சொல்கிறது ஆர்எஃப்சி 3414. எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் என்றால் இந்தப் பெரிய வேலையை ஒருமுறை செய்து வைத்துக்கொண்டால் போதும். கருவிக்கென்று தனியாகச் செய்ய வேண்டியது அதன் பின்வரும் சின்ன ஹாஷ் மட்டுமே. ஒவ்வொரு கருவிக்கும் புதிய எஞ்சின் ஆப்ஜெக்டை உருவாக்கித் தூக்கியெறியும் ஸ்கிரிப்ட் இந்த வேலையை ஐந்நூறு முறை செய்யக்கூடும்.

ஒரே சமயத்தில்

ஒரு கருவியின் பதிலுக்காக நிற்கும்போது அடுத்ததிடம் கேட்காமல் இருப்பது, பந்தியில் முதல் இலைக்காரர் சாப்பிட்டு எழும்வரை இரண்டாம் இலைக்குச் சோறு வைக்காமல் நிற்பதுபோல. இதற்குத் தீர்வு தேடியதில் மூன்று பரம்பரைகள் உண்டு. எம்ஆர்டிஜி வழியில் பல புராசஸ்கள். கண்காணிப்பு மென்பொருளான கேக்டையின் வழி த்ரெட்டுகள். அதன் பிஎச்பி போலர் போதாமல்போனபோது சி மொழியில், பல த்ரெட்டுகளோடு ‘ஸ்பைன்’ எழுதப்பட்டது. மூன்றாவது, ஒரே புராசஸில் நிகழ்வுச் சுழல்: பெர்லின் நெட்::எஸ்என்எம்பி, நின்று காத்திராத கேள்விமுறையை இப்படித்தான் கொடுத்தது, கேள்விகளையெல்லாம் வரிசையில் போட்டுவிட்டு டிஸ்பாட்ச்சரை ஓடவிட்டால், பதில் வர வர உரிய ஃபங்ஷன் அழைக்கப்படும். பைத்தானில் 3.4-ஆம் பதிப்போடு 2014-இல் வந்த அசிங்க்ஐஓ இதே கருத்துதான்.

யூடிபிக்கு நிகழ்வுச் சுழல் மிகப் பொருத்தம். ஆயிரம் கருவிக்கும் ஒரே சாக்கெட் போதும். ஒவ்வொரு கேள்விக்கும் உள்ள எண்ணை வைத்துப் பதிலை இனம் கண்டுகொள்ளலாம். ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ஐந்தாயிரம் கேள்விகளை ஒரே மூச்சில் அனுப்பினால் பதில்களும் ஒரே மூச்சில் வந்து குவியும். லினக்ஸில் ஒரு சாக்கெட்டின் இயல்பான வரவுக் கிடங்கு 2,12,992 பைட். கெர்னல் தன் சொந்தக் கணக்குச் சுமையையும் அதில் சேர்த்துக்கொள்வதால் சில நூறு பதில்களிலேயே நிரம்பிவிடும். அதற்கு மேல் வருவதைக் கெர்னலே கீழே போட்டுவிடும். ஸ்கிரிப்டுக்கு அது டைம்-அவுட்டாகத் தெரியும். நெட்வொர்க் குழுவுக்கு ‘பாக்கெட் லாஸ்’ என்று புகார் போகும். பதில் போன ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் எதுவும் தொலையவில்லை, வந்து சேர்ந்த சர்வரின் வாசலில் தொலைந்தது. நெட்ஸ்டாட் காட்டும் யூடிபி கணக்கில் ‘ரிசீவ் பஃபர் எரர்ஸ்’ ஏறுகிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கிடங்கைப் பெரிதாக்கலாம், அதைவிட, எந்தக் கணத்திலும் பதில் வராமல் நிற்கும் கேள்விகள் இருநூறு முந்நூறைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது மேல்.

பைத்தானில் இன்னொரு தடை. பைஎஸ்என்எம்பியை எழுதியவர் இல்யா எட்டிங்கோஃப். நெறிமுறையின் எல்லா மூலைகளையும் தூய பைத்தானிலேயே கட்டிய அபாரமான உழைப்பு அது. ஆனால் வரும் ஒவ்வொரு பதிலையும் பைட் பைட்டாகப் பிரிப்பதும் பைத்தானிலேயே நடக்கிறது. பைத்தானின் பொதுப் பூட்டான ஜில், ஒரு சமயத்தில் ஒரு த்ரெட்டை மட்டுமே பைத்தான் வரிகளை ஓட்டவிடும். காத்திருப்பு முழுவதையும் நீக்கிய பிறகு இந்தப் பிரிக்கும் வேலைதான் மிஞ்சும். இனி ஐம்பது த்ரெட் போட்டாலும் ஒரு சிபியு கோருக்கு மேல் பயன்படாது. நெட்-எஸ்என்எம்பியின் சி நூலகத்தை உள்ளே வைத்த ஈஸிஎஸ்என்எம்பி போன்றவை இந்த இடத்தில் உண்மையிலேயே வேகம் தரும். லைப்ரரியை மாற்றுவதற்கு நியாயமான தருணம் இதுதான், இதற்கு முன்னால் அல்ல. வேலையைப் பல புராசஸ்களாகப் பிரிப்பதும் பலன் தரும். 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13, பூட்டே இல்லாத ஒரு வடிவத்தைப் பரிசோதனையாகத் தந்தது. தினசரி வேலைக்கு அதை நம்பி இறங்க நான் சொல்ல மாட்டேன்.

லாகின் செய்து கேட்பது

எஸ்என்எம்பியில் கிடைக்காததைக் கேட்க எஸ்எஸ்எச் வழியே உள்ளே நுழைந்து ‘ஷோ’ கட்டளை அடித்து வாங்க வேண்டும். பைத்தானில் இதற்குப் பாராமிகோ அடித்தளம். அதன் மேல் கர்க் பையர்ஸ் எழுதிய நெட்மிகோ இன்று ஏறத்தாழ எல்லோர் கையிலும் இருக்கிறது. இங்கே ஒரு கருவிக்கு அரை விநாடி என்பதெல்லாம் கனவு. ஐந்து முதல் பத்து விநாடி சாதாரணம்.

அந்த விநாடிகள் எங்கே போகின்றன? டிசிபி இணைப்பு, பதிப்புப் பரிமாற்றம், சாவிப் பரிமாற்றம் — பழைய ரவுட்டரின் சிபியு அந்தப் பெரிய எண் கணக்கில் ஒரு விநாடிக்கு மேலும் திணறும் — பிறகு பயனர் சரிபார்ப்பு. அதற்காகக் கருவி டாக்காக்ஸ் சர்வரைக் கேட்டுவிட்டு வர வேண்டும். பிறகு சேனல், ஷெல். அதன் பின் நெட்மிகோ ப்ராம்ப்ட் எது என்று கண்டுபிடிக்கிறது, பக்கம் பக்கமாக நிற்காதபடி ‘டெர்மினல் லெங்த் 0’ அனுப்புகிறது. இத்தனையும் முடிந்த பிறகுதான் நம் கட்டளை. ஒரு கட்டளைக்கு ஒருமுறை இணைத்துத் துண்டிக்கும் ஸ்கிரிப்ட், ஐந்து கட்டளைக்கு இந்தச் சடங்கை ஐந்து முறை செய்கிறது. ஒருமுறை நுழைந்து ஐந்தையும் கேட்டுவிட்டு வெளியே வருவதுதான் இங்கே முதல் சேமிப்பு.

இரண்டாவது சேமிப்பு நுட்பமானது. கட்டளையின் விடை முடிந்துவிட்டது என்று ஸ்கிரிப்டுக்கு எப்படித் தெரியும்? எஸ்எஸ்எச் ஷெல்லில் ‘முடிந்தது’ என்ற அடையாளமே கிடையாது. நெட்மிகோவின் செண்ட்_கமாண்ட் மறுபடி ப்ராம்ப்ட் வருகிறதா என்று பார்க்கும். வந்த கணமே நகர்ந்துவிடும். செண்ட்_கமாண்ட்_டைமிங் அப்படியல்ல, புதிதாக எதுவும் வராமல் இரண்டு விநாடி கழிந்தால் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். பத்துக் கட்டளைக்கு இருபது விநாடி சும்மா நிற்பது. நம்மிடம் திரும்பக் கேள்வி கேட்கும் கட்டளைகளுக்கு இரண்டாவது தேவைதான். ஒருமுறை அது வேலை செய்துவிட்டது என்பதற்காக எல்லா இடத்திலும் அதையே ஒட்டிவிடுவதுதான் நான் பார்க்கும் ஸ்கிரிப்டுகளில் அடிக்கடி தென்படுவது.

எத்தனை த்ரெட்? ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த வரிசை விதி இதற்கு நேரடியாக விடை சொல்கிறது: விநாடிக்கு எத்தனை கருவியை முடிக்க வேண்டுமோ அதை, ஒரு கருவிக்கு ஆகும் விநாடியால் பெருக்கு. ஐந்நூறு கருவியை ஒரு நிமிடத்தில், ஒன்றுக்கு 8 விநாடி வீதம் முடிக்க 67 உரையாடல்கள் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். தானியக்க மென்பொருளான அன்சிபிளின் இயல்பான ஃபோர்க் எண்ணிக்கை 5. அதில் ஓட்டினால் 800 விநாடி. பைத்தானின் த்ரெட்பூல் 3.8-ஆம் பதிப்பிலிருந்து கோர் எண்ணிக்கையோடு நான்கைக் கூட்டிக்கொள்கிறது. நான்கு கோர் இயந்திரத்தில் எட்டு த்ரெட், 500 விநாடி. அன்சிபிள் வகையைச் சேர்ந்த நார்னிர் இயல்பாக 20 எடுத்துக்கொள்ளும், 200 விநாடி. ‘அன்சிபிளைவிட நார்னிர் நான்கு மடங்கு வேகம்’ என்று பேசிக்கொள்பவர்கள் இரண்டிலும் எண்ணைச் சமமாக வைத்துப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். நார்னிருக்குத் தனிச் சிறப்புகள் உண்டு. ஆனால் இந்த நான்கு மடங்கில் பெரும்பகுதி இருபதை ஐந்தால் வகுத்ததில் வந்தது.

அசிங்க்ஐஓவா த்ரெட்டா என்ற விவாதத்தில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. டான் கெகல் 1999-இல் பத்தாயிரம் இணைப்புகளை ஒரே சர்வர் தாங்குவது பற்றி எழுதியது இன்றும் படிக்கத் தக்கது. ஆனால் ஐந்நூறு கருவி வைத்திருப்பவருக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. த்ரெட் ஒவ்வொன்றும் பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பதிலுக்கு நிற்கும்போது பூட்டையும் விட்டுவிடுகிறது. பாராமிகோ ஒவ்வொரு இணைப்புக்கும் தனக்கென்று ஒரு த்ரெட் வைத்துக்கொள்வதால் நூறு என்று நினைத்தது இருநூறாகும், அவ்வளவுதான். ஆயிரங்களில் போகும்போது, நெட்மிகோவைப் போன்ற ஸ்க்ராப்லியின் அசிங்க் வடிவம் கைகொடுக்கும்.

வரிசையின் முறை இதைவிடக் கவனிக்கத்தக்கது. முப்பது விநாடி எடுக்கும் பெரிய ரவுட்டர் பட்டியலின் கடைசியில் இருந்தால், மற்ற எல்லா த்ரெட்டும் வேலை முடித்துச் சும்மா இருக்க, அது ஒன்றுக்காக மொத்த ஸ்கிரிப்டும் நிற்கும். போன முறை அதிக நேரம் எடுத்தவற்றை முன்னால் போட்டுவிட்டால் போதும். அதேபோல, வந்த விடையைப் பிரித்து அட்டவணையாக்கும் டெக்ஸ்ட்எஃப்எஸ்எம் வேலையைக் கேட்கும் த்ரெட்டுக்குள்ளேயே வைக்காமல் பிறகு தனியாகச் செய்வது நல்லது. அது சிபியு வேலை, காத்திருக்கும் வேலை அல்ல.

கருவியின் பக்கம்

இதுவரை கேட்பவரின் பக்கமே பேசினோம். எதிர்ப்பக்கத்தில் இருப்பது பாக்கெட்டுகளைக் கடத்தப் பிறந்த பெட்டி. பதில் சொல்வது அதற்கு உபதொழில். சிஸ்கோ ஐஓஎஸ் கருவிகளில் பழைய வழக்கமாக லாகினுக்கான விடிஒய் வழிகள் ஐந்து, விரித்தால் பதினாறு. கண்காணிப்பு ஸ்கிரிப்ட், கன்ஃபிக் பேக்கப், பாதுகாப்பு ஸ்கேனர் மூன்றும் இரவு இரண்டு மணிக்கு ஒரே கருவிக்குள் நுழைந்தால், அவசரத்துக்கு லாகின் செய்யும் மனிதருக்கு இடம் இருக்காது. இரவு இரண்டு மணியை ஏன் எல்லோரும் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது தனி ஆராய்ச்சிக்குரியது. பல கருவிகளிடம் ஒரே சமயத்தில் கேட்கலாம். ஒரே கருவியிடம் ஒரே சமயத்தில் ஒருவர் மட்டும் கேட்பது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

இணைப்பு எண்ணிக்கையைவிடக் கேட்கும் பொருள் கருவியை அதிகம் வதைக்கும். ரவுட்டிங் அட்டவணையையும் ஏஆர்பி அட்டவணையையும் எஸ்என்எம்பியில் வாக் செய்தால் விடையை ஒவ்வொரு மதிப்புக்கும் உரிய ஓஐடி எண் வரிசையில்தான் தர வேண்டும். கருவியோ அவற்றை வேறு அமைப்பில் வைத்திருக்கும். லட்சக்கணக்கான ரவுட் உள்ள பெட்டியில் இந்த வரிசைப்படுத்தல் சிபியுவை உச்சத்துக்குக் கொண்டுபோகும். சிஸ்கோவின் ஆவணங்களே இந்த அட்டவணைகளை ‘வியூ’ அமைத்து மறைத்துவிடச் சொல்கின்றன. அறுபத்தேழு த்ரெட்டும் சேர்ந்து நுழையும்போது டாக்காக்ஸ் சர்வரும் ஒரே கணத்தில் அறுபத்தேழு சரிபார்ப்பைச் சந்திக்கிறது; அது தடுமாறினால் எல்லாக் கருவியும் மெதுவானதுபோல் தெரியும். ஆரம்ப நொடிகளைச் சிதறடித்து, த்ரெட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பினால் இது தீரும்.

எது இடுக்கு என்று தெரிய சராசரி நேரம் உதவாது. கருவி வாரியாகத் தொடங்கிய, முடிந்த நேரத்தை எழுதிவைத்து, நடுமதிப்பையும் மிக மெதுவான ஐந்து சதவீதத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும். நடுமதிப்பு பெரிதாக இருந்தால் நடைகள் அதிகம். நடுமதிப்பு சிறிதாயிருந்து வால் மட்டும் நீண்டிருந்தால் டைம்-அவுட். த்ரெட்டைக் கூட்டக் கூட்ட ஒவ்வொரு கருவியின் நேரமும் ஏறினால் நம் சிபியு அல்லது டாக்காக்ஸ்.

இனி கேட்கவே வேண்டாம், கருவியே சொல்லட்டும் என்பது அடுத்த கட்டம். 2002-இல் இணையக் கட்டமைப்பு வாரியம் நெட்வொர்க் நடத்துபவர்களைக் கூட்டிப் பேசியதன் பதிவு ஆர்எஃப்சி 3535. அங்கே கொட்டிய குறைகளின் வழியில் 2006-இல் நெட்கான்ஃப் வந்தது, பின்னர் ஓப்பன்கான்ஃபிக் குழுவின் ஜிஎன்எம்ஐ வந்தது. ஜிஎன்எம்ஐயில் ஒருமுறை சந்தா கட்டினால் போதும். பத்து விநாடிக்கு ஒருமுறையோ, மாற்றம் நேரும்போது மட்டுமோ கருவி தானாக அனுப்பும். நடைக் கணக்கு இங்கே அடிபட்டுப்போகிறது. ஆனால் கிளை அலுவலகத்து அலமாரிகளில் இருக்கும் பழைய ஸ்விட்சுகளுக்கு இது தெரியாது; அவை மாற்றப்படும்வரை இரண்டு முறையும் அருகருகே ஓடத்தான் வேண்டும். புதிய முறையிலும் மௌனத்துக்குப் பொருள் சொல்லும் சிக்கல் தீர்ந்தபாடில்லை. மாற்றம் நேரும்போது மட்டும் சொல் என்று கேட்டிருக்கிறோம், ஒரு மணி நேரமாக எதுவும் வரவில்லை: மாற்றமே இல்லையா, கருவியே இல்லையா? அதற்காகத்தான் ஜிஎன்எம்ஐ சந்தாவில் ‘ஹார்ட்பீட்’ இடைவெளி என்று ஒரு புலம் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு எத்தனை விநாடி வைப்பது என்பதைக் கருவிக்குக் கருவி யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.